வழுவும் அதனை உரைக்கும் முறையும்

தமிழிலக்கண நூலார் வழு என்னுஞ் சொல்லைக் கையாண்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. சொற்றொடரிற் பிழை நேரக்கூடிய இடங்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக அவர்கள் வகுத்தனர். பிழையின்றி வருவதை வழாநிலை என்றனர். பிழைபோலத் தோன்றினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்றனர். இவ்வகுப்பினுள்ளே ஆழ்ந்த உண்மையொன்று பொதிந்துள்ளது. பிழை என்பது கண்டவுடன் வெறுத்தொதுக்கப்பட வேண்டிய ஒன்றன்று; அது இனங்காணப்பட்டு, பெயரிடப்பட்டு, காரணம் ஆராயப்பட்டு, திருத்தப்படவோ அமைத்துக்கொள்ளப்படவோ வேண்டியதாகும். கணினித்துறையில் ஆங்கிலத்தார் 'பூச்சி' எனப் பொருள்படுஞ் சொல்லாற் சுட்டும் குறைபாட்டைத் தமிழில் வழு என வழங்கத் தலைப்பட்டோர், இவ்விலக்கண மரபையும் அச்சொல்லோடு சேர்த்தே கணினியுலகுக்குக் கொண்டுவந்தனர் எனலாம்.

ஆங்கில வழக்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி, அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெருங்கணிப்பொறியை இயக்கியோர், அதன் மின்னாளிகளுள் ஒன்றிற் சிக்குண்டிருந்த அந்துப்பூச்சியொன்றைக் கண்டெடுத்தனர். பொறியின் குறைபாட்டைப் பூச்சி எனக் கூறும் வழக்கு அதற்கு முன்னரே இருந்தது. தோமஸ் எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே கடிதமொன்றில் அச்சொல்லை அப்பொருளிற் கையாண்டுள்ளார். எனவே அவ்வந்துப்பூச்சியைச் சொல்லின் பிறப்பிடம் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் அதனைக் கண்டோர் செய்த செயல் மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் அதனைக் குறிப்பேட்டின் பக்கத்திலே ஒட்டி, பிற்பகல் 3.45 மணி எனக் காலத்தையும், எத்தொகுதியின் எத்தனையாவது ஆளி என இடத்தையும் அருகே குறித்துவைத்தனர். காலமும் இடமும் சான்றும் ஒருங்கே அமைந்த அப்பக்கம் அமெரிக்க வரலாற்றுத் தேசிய நூதனசாலையிற் பேணப்படுகின்றது. வழுவை உரைக்கும் முறைக்கு அதனினும் சுருக்கமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

ஆயினும் குறையைக் குறித்துவைப்பதனால் மாத்திரம் அது தீர்ந்துவிடுவதில்லை. கண்டவருக்குக் கருவியின் உள்ளே நோக்கும் உரிமையும் வேண்டும். 1980 ஆம் ஆண்டளவில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார் இவ்வுரிமையின் இன்மையை ஓர் அச்சுப்பொறியின் வாயிலாக உணர்ந்தார். பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கும்போது, காத்திருப்போரின் கணினிகளுக்கு அறிவித்தல் செல்லும்வண்ணம் அவர் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதிதாக வந்த பொறியின் மூலநிரல் ஆய்வுகூடத்துக்கு வழங்கப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் அவர் நேரிற் சென்று கேட்டபோது, பிறர்க்கு வெளியிடுவதில்லை எனத் தாம் ஒப்பந்தஞ் செய்துள்ளதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். குறை கண்ணுக்குத் தெரிந்தது. திருத்தும் ஆற்றலும் இருந்தது. இடையில் நின்றது இரகசியம் ஒன்றே. 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்துக்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுகோலாயிற்று. எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் இயலும் மென்பொருள் என்னுங் கோட்பாடு இவ்வாறு உருப்பெற்றது. பிற்காலத்திற் பரவலாக வழங்கும் திறந்த மூல மென்பொருள் என்னும் பெயரும் இவ்வழி வந்ததே.

1991 ஆம் ஆண்டிற் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். 1993 இல் இயன் மேர்டொக் டெபியன் திட்டத்தைத் தொடக்கினார். உலகெங்கும் பரந்துள்ள தொண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதே கூடிப் படைக்கும் இத்தகைய ஆக்கங்களில், வழுவைத் தெரிவிப்பதும் அதனைப் பின்தொடர்வதும் தனியானதோர் ஒழுங்கை வேண்டி நின்றன. டெபியன் திட்டத்தினர் 1997 இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், தமது மென்பொருளைப் பற்றிய வழு அறிக்கைகள் யாவற்றையும் பொதுமக்கள் பார்வைக்கு எந்நேரமும் திறந்தே வைப்பதாக உறுதிகூறினர். வணிகர் தம் பண்டத்தின் குறையை மறைப்பதே வழமை. தமது குறைகளின் பட்டியலைத் தாமே கடைவாயிலில் தொங்கவிடும் வணிகர் எங்கும் இல்லை. திறந்த மூல மென்பொருளாரோ அதனையே தம் நாணயத்தின் அடையாளமாகக் கொண்டனர்.

டெபியன் திட்டத்தில் வழுக்கள் அவற்றின் கடுமை நோக்கி ஏழு நிலைகளாக வகுக்கப்படுகின்றன. முழுக் கணினியையும் சிதைக்கக்கூடியவை ஒருபுறம் நிற்க, வேண்டுகோள் என்னும் அளவில் அமைபவை மறுபுறம் நிற்கும். இலக்கண நூலாரின் வழுவும் ஏழு. ஆனால் அவ்வேழு வகை பற்றியவை, இவ்வேழு அளவு பற்றியவை. எண் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் இரு மரபினரும் குறையைப் பகுத்து நோக்காது பொதுப்படப் பழித்தலிற் பயனில்லை எனக் கண்டனர் என்பது தற்செயலன்று.

நல்லதொரு வழு அறிக்கை எவ்வாறு அமையும்? 'வேலை செய்யவில்லை' என்னுங் கூற்று அறிக்கையாகாது, அது பெருமூச்சு. எப்பதிப்பு, எக்கணினி, எவ்வியங்குதளம் என்பன முதலிற் கூறப்படல் வேண்டும். வழுத் தோன்றுவதற்கு முன்னர் என்னென்ன செய்யப்பட்டன என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரல் வேண்டும். எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்னும் இரண்டும் பிரித்துக் காட்டப்படல் வேண்டும். பிறரும் அதே வழியிற் சென்று அதே வழுவைக் காண இயலுமாயின் அறிக்கை நிறைவு பெற்றது எனலாம். ஆய்வுகூடத்திற் பரிசோதனையை எழுதிப் பழகிய விஞ்ஞான மாணவனுக்கும், ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் குறித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கும் இந்நெறி புதிதன்று. ஓர் அறிக்கையில் ஒரு வழுவையே கூறுதல், முன்னரே எவரேனும் உரைத்துள்ளாரா எனத் தேடுதல், காரணத்தை ஊகிப்பதாயின் ஊகம் எனச் சொல்லி ஊகித்தல் ஆகியனவும் இதன்பாற்படும். இவை பேணப்படாவிடின் வினாவே வழுவுடையதாகிவிடும். வினா வழுவுக்கு விடையும் வழுவாகவே வருதல் இயல்பு.

அறிக்கை வந்து சேர்ந்த பின்னரே வெளியாருக்குத் தெரியாத உழைப்புத் தொடங்குகின்றது. ஒரே வழுவைப் பலர் பலவாறு உரைத்திருப்பர். அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். விடுபட்ட விவரத்தை உரைத்தவரிடமே பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். வழுவன்று, அறியாமை என்று கண்டவிடத்து, மனம் நோகாவண்ணம் வழிகாட்ட வேண்டும். எதனை முதலில் திருத்துவது, எவரிடம் ஒப்படைப்பது, எதனைத் திருத்துவதில்லை எனக் காரணங்கூறி முடிப்பது என்பனவும் தீர்மானிக்கப்படல் வேண்டும். இப்பணிகளை ஆற்றுவோருட் பலர் ஒரு வரி நிரலேனும் எழுதாதவர்கள். மருத்துவமனை வாயிலில் நோயாளரை முதலில் நோக்கி வகைப்படுத்தும் தாதியின் பணியோடு இவர்தம் பணி ஒப்பிடத்தக்கது. நிரல் எழுதியவரின் பெயர் நிற்கும். வந்த குரல்களுக்கு முதலிற் செவிசாய்த்தவரின் பெயரைப் பெரும்பாலும் எவரும் அறியார்.

குறை கூறுவோரை மதித்தல் எவ்வாறு என்பதற்கு டொனால்ட் குனூத் சிறந்த சான்றாவார். கணித நூல்களை அச்சிடுதற்கேற்ற டெக் என்னும் மென்பொருளை ஆக்கிய இப்பேராசிரியர், தம் நூல்களிற் பிழை காட்டும் ஒவ்வொருவருக்கும் 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டார். கணினியர்க்கு 256 என்பது நிறைவான எண் என்பதால் எழுந்த நகைச்சுவை அது. டெக் மென்பொருளில் வழுக் காண்போர்க்கு வழங்கப்பட்ட பரிசு பின்னர் 327 டொலர் 68 சதம் வரை உயர்ந்தது. பெற்றவருட் பலர் அக்காசோலையை வங்கியிற் கொடுத்து மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். தம் பிழையைப் பிறர் காண்பதைச் சிறுமையாகக் கருதாத புலமை, கண்டவரைத் தன்னோடு சமமாக உயர்த்துகின்றது.

நோக்குவோர் தொகை பெருகுமாயின் வழுக்கள் விரைவில் வெளிப்படும் என்னுங் கருத்தை எரிக் ரேமண்ட் 1997 ஆம் ஆண்டில் முன்வைத்தார். திறந்த மூல இயக்கத்தின் வேதவாக்குப் போன்று அது பல காலம் ஓதப்பட்டது. ஆயின் திறந்திருப்பதும் நோக்கப்படுவதும் ஒன்றல்ல. இணையத்திற் செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில், 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பிற் புகுந்த வழுவொன்று 2014 ஏப்ரில் வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள், வெளிப்படாதிருந்தது. வழங்கிகளின் நினைவகத்திலுள்ள கடவுச்சொற்களையும் மறைசாவிகளையும் அயலார் அள்ளிச் செல்ல அது இடமளித்தது. ஹார்ட்பிளீட் எனப் பெயர் பெற்ற இவ்வழு வெளிப்பட்டபோது, உலகின் வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றிற்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டொலர் மாத்திரமே என்பதும் தெரியவந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே சென்று பார்ப்பதைத் தம் கடமையாகக் கொண்டோர் மிகச் சிலரே.

இவ்வுண்மையின் மறுபக்கத்தை 2024 ஆம் ஆண்டின் நிகழ்வு இன்னுங் கூர்மையாகக் காட்டிற்று. கோப்புகளைச் சுருக்குதற்குரிய எக்ஸ்ஸெட் என்னும் சிறு மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இடம்பெறுவது. அதனைப் பல்லாண்டுகள் தனியொருவராக, ஊதியம் எதுவுமின்றிப் பராமரித்துவந்தவர் லாஸ்ஸே கொலின். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வெவ்வேறு பெயர்களில் வந்த சிலர், திருத்தங்கள் தாமதமாகின்றன, புதிய பதிப்பு வெளிவரவில்லை, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என அவரை மீண்டும் மீண்டும் நெருக்கினர். நெடுநாளைய உளநலச் சிக்கல்களால் தமது ஆற்றல் குறைந்துள்ளதையும், இது ஊதியமற்ற பணி என்பதையும் அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அதே காலத்தில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் பணிவோடும் பொறுமையோடும் திருத்தங்களை அனுப்பி உதவிக்கொண்டிருந்தார். சோர்ந்திருந்தவர் உதவிய கையைப் பற்றினார். ஜியா டான் இணைப் பராமரிப்பாளரானார்.

2024 பெப்ரவரி 24 ஆந் திகதியும் மார்ச் 9 ஆந் திகதியும் வெளிவந்த 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினியுட் புகுவதற்கான இரகசிய வாயிலொன்று மறைத்துவைக்கப்பட்டிருந்தது. அது மறைக்கப்பட்ட இடம் வியப்புக்குரியது. மென்பொருள் பழுதுற்ற கோப்பைச் சரியாக இனங்காண்கின்றதா எனச் சோதிப்பதற்கென வேண்டுமென்றே பழுதாக வைக்கப்படும் மாதிரிக் கோப்புகள் உண்டு. அத்தகைய மாதிரியின் வேடத்திலேயே நஞ்சு வைக்கப்பட்டது. வழுவைத் தேடும் கருவியே வஞ்சனையின் உறையாயிற்று. அதுமட்டுமன்று, புதிய பதிப்பை விரைந்து ஏற்கவேண்டும் எனக் கோரும் அறிக்கையொன்று, வழு அறிக்கையின் உருவிலேயே டெபியன் திட்டத்தினருக்கும் அனுப்பப்பட்டது.

இவ்வஞ்சனையை வெளிப்படுத்தியவர் அன்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் மென்பொருளாளர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோருள் ஒருவரும், மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் பணியாற்றியவருமான அவர், வேறொரு சோதனைக்காகக் கணினியை ஒழுங்குசெய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியுள் நுழையும் செயல் முன்னிலும் ஏறக்குறைய அரைவினாடி தாமதமாவதை அவர் கண்டார். முன்னர் 0.3 வினாடியளவில் முடிந்தது இப்போது 0.8 வினாடியாயிற்று. சில கிழமைகளுக்கு முன் வேறொரு சோதனையிற் கண்ட விளங்காத முறைப்பாடொன்றும் அவர் நினைவுக்கு வந்தது. அரைவினாடியைப் பொருட்படுத்தாது விட்டிருப்பின் எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவரோ அதன் காரணத்தை அடியடியாகத் தேடிச் சென்று, மார்ச் 29 ஆந் திகதி தாம் கண்டவற்றைப் பகிரங்கமாக அறிவித்தார். எப்பதிப்பு, எச்சூழல், எவ்வாறு கண்டது, எதனைத் தாம் ஆராயவில்லை என்பன யாவும் அவ்வறிக்கையில் இருந்தன. வழுவின் கடுமை 10 இற்கு 10 என மதிப்பிடப்பட்டது. டெபியன், பெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்த அந்நச்சுப் பொதி, உலகின் பெரும்பாலான வழங்கிகளைச் சென்றடையுமுன் திரும்பப் பெறப்பட்டது. கொலின் மீண்டும் பணியில் இறங்கி, நிரலைப் பரிசோதித்துத் துப்புரவாக்கி, மே மாத இறுதியில் 5.6.2 என்னும் பதிப்பை வெளியிட்டார்.

ஒரே மென்பொருளின் வரலாற்றில் இருவகைக் குரல்கள் இங்கு எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுமே குறையைச் சுட்டின. முதலாவது குரல் தாமதத்தைச் சுட்டியது. இரண்டாவதும் தாமதத்தையே சுட்டியது. முதலாவது, மனிதன் ஒருவனின் தாமதத்தைக் குற்றமாக்கி அவனை நெருக்கியது. இரண்டாவது, பொறியின் தாமதத்தைச் சான்றாக்கி உண்மையைத் தேடியது. முதலாவது தன் பங்காக உழைப்பு எதனையும் ஈயவில்லை. இரண்டாவது, தேடலின் உழைப்பு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டு அதன் பயனை ஊருக்கு அளித்தது. குறை கூறுதலுக்கும் குறை காட்டுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே. அரசனுக்கு இடித்துரைக்குந் துணை வேண்டும் என்றார் வள்ளுவர். ஆயின் அத்துணையைப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். இடித்துரைப்பவன் முதலில் துணையாக இருத்தல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

கொலினை நெருக்கிய குரல்கள் வஞ்சகத்தின் கருவிகள் என்றே பின்னர் ஐயுறப்பட்டன. எனினும் அவை எவருக்கும் ஐயம் விளைவியாது அவ்விடத்தில் நிலைபெற்றமை சிந்தனைக்குரியது. தொண்டர் ஒருவரை இலவசமாக வேலைவாங்கி, தாமதித்தபோது அதட்டுவது அக்களத்தில் அன்றாட வழக்காயிருந்தமையால், பகைவனின் அதட்டலும் பயனாளனின் அதட்டல் போன்றே ஒலித்தது. அவ்வேளையில் ஒருவரேனும் கொலினிடம் 'உமக்கு எவ்வுதவி வேண்டும்?' என வினவி, வந்த அறிக்கைகளை வகைப்படுத்தும் சுமையையேனும் பகிர்ந்திருப்பின், வஞ்சகன் நீட்டிய கை ஒன்றே அவருக்கு எட்டிய கையாக இருந்திராது. கூட்டுழைப்பின் பயனை உலகம் நுகர்ந்தது. அதன் பாரத்தை ஒருவர் தோளில் விட்டது. இஃது ஒரு தனிமனிதரின் தவறன்று. உழைப்புக்கும் பயனுக்கும் இடையேயுள்ள சமூக உறவின் வழு.

இன்னொரு பாடமும் இங்கு உண்டு. அந்த அரைவினாடி அன்ட்ரெஸ் புரொயின்டின் கண்ணுக்குப் பட்டமைக்குக் காரணம், நுண்ணிய காலவேறுபாடுகளை அளப்பது அவரது அன்றாடத் தொழிலாயிருந்தமையே. ஒவ்வொரு வழுவும் அதற்குரிய கண்ணுக்கே புலப்படும். தமிழ் எழுத்தை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகும். 'கெ' என்னும் எழுத்திற் கொம்பு முன்னரும் ககரம் பின்னரும் எழுதப்படினும், யூனிகோட் முறையிற் கணினி முதலிற் ககரத்தையும் பின்னர் கொம்பையும் சேமிக்கின்றது. 'கொ' என்பதிலோ ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்றல் வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் ஹாவ்பஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களை ஆக்குவோருட் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். கொம்பு இடம்மாறி நின்றாலும், புள்ளியிட்ட வெறும் வட்டம் ஒன்று தோன்றினாலும் அது வழு என்பதை அவர்தம் கண் அறியாது. தமிழைப் படிக்குங் கண்ணுக்கு அது முதற் பார்வையிலேயே உறுத்தும். அவ்வாறு உறுத்தியதை நண்பரிடம் முணுமுணுத்துவிட்டு, வேறொரு மென்பொருளுக்கு மாறிவிடுபவர், தாம் மாத்திரம் அறிந்த உண்மையொன்றைத் தம்மோடு புதைத்துவிடுகின்றார்.

இத்துறையில் இலங்கையர் வெறும் பயனாளராய் நின்றவர்களுமல்லர். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டின் கரைகளைத் தாக்கியபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வந்த தேவைகள் ஆகியவற்றை ஒருங்கே பதிவுசெய்வதற்கு இங்குள்ள மென்பொருளாளர் தொண்டர்களாகக் கூடி 'சஹன' என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டங்களுக்கென வழங்கும் 2006 ஆம் ஆண்டுக்கான விருதும் அதற்குக் கிட்டியது. இத்தகைய மென்பொருளில் வழு என்பது அரைவினாடி பற்றியதன்று. ஒரு பெயர் இருமுறை பதியப்படின், அல்லது இரு மொழிகளில் எழுதப்பட்ட ஒரே பெயர் இருவராகக் கொள்ளப்படின், தேடிவந்த தாய் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். அவ்வழுவை முதலிற் காணக்கூடியவர் தலைநகரிலிருந்து நிரல் எழுதுபவரல்லர். முகாமிற் பெயர்களைப் பதிபவரே. அவர் சொல்லும் வழியும், சொன்னதைக் கேட்கும் செவியும் உண்டா என்பதிலேயே அம்மென்பொருளின் பயன் தங்கியுள்ளது.

திறந்த மூல மென்பொருள் நிரலால் மாத்திரம் ஆவதன்று. கண்டதைச் சான்றோடு உரைப்பவரும், உரைத்ததைப் பொறுமையோடு கேட்பவரும், கேட்டதை வகைப்படுத்துபவரும், இறுதியிலே திருத்துபவரும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாவர். எக்கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறும். பல்கலைக்கழக மாணவர்க்கு இதிற் புகுவதற்குப் பெருங்கல்வி எதுவும் தடையாக நிற்பதில்லை. அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளிற் கண்ட ஒரு வழுவை முறையாக எழுதுதல், பிறர் எழுதிய வழுவொன்றைத் தம் கணினியிற் சோதித்து உறுதிசெய்தல், திருத்தப்பட்டபின் திருத்தியவருக்கு நன்றி கூறுதல் என்னும் மூன்றும் போதுமான தொடக்கமாகும். இவற்றுள் இறுதியானது மிகச் சிறியது எனத் தோன்றலாம். தனித்திருந்து பராமரிப்பவர் ஒருவர் அடுத்த நாளும் அப்பணியைத் தொடர்வதா, கைவிடுவதா என்பதை முடிவுசெய்வது சில வேளைகளில் அதுவே.